தூண்டில் பிடிக்கும் கமக்காரரும் கடலின் விதைநெல்லும்

மன்னார் – பூநகரி வீதியால் வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்கு இலுப்பைக்கடவைப் பகுதியில் வயலும் கடலும் அயலவர்போல இருப்பது தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சைக்கிளில் போய்வந்துவிடலாம். அரிவு வெட்டு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில், தங்கூசி சுற்றிய வெறும் போத்தலோடும் ஒரு சிறு வாளியோடும் மாலை வேளையில் களப்புக் கரைக்குப் போகிற பெரியவர்களையும் பிள்ளைகளையும் நாம் பல தடவை கண்டிருக்கிறோம். இவர்கள் பரம்பரைக் கடற்றொழிலாளர் அல்லர். நெல் விளைவித்தவர்கள்.

2008 யூலையில் போர் இப்பகுதியை வந்தடைந்தபோது இக்குடும்பங்கள் கிழக்கே கிளிநொச்சிக்கும் பின்னர் முல்லைத்தீவுக்கும் ஓடின. 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் பலர் அடைபட்டனர். திரும்பி வந்தவர்களில் சிலருக்கு வயல் கிடைத்தது. சிலருக்குக் காடு மண்டிய நிலமும் உடைந்த குளமுமே கிடைத்தன. வேறு ஊர்களிலிருந்து வந்து இக்கரையில் குடியேறிய குடும்பங்களும் உள்ளன. இவர்கள் எல்லாருக்கும் கறிக்கு மீன் வேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாத நாளில் தூண்டில் கைக்கு வருகிறது.

ஒரு மாலை ஓடை வாயில் நின்ற பெரியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். அவருடைய வாளியில் ஒரு சாண் நீளமும் இல்லாத ஏழு கொடுவாக் குஞ்சுகள் கிடந்தன. அங்கே தூண்டில் போடவேண்டாம் என்று கடற்றொழில் செய்கிறவர்கள் இரண்டு முறை சொல்லிவிட்டார்களாம். அது அவருக்கு மனவருத்தம். “தம்பியவை, நான் கறிக்கு நாலு மீன் பிடிக்கிறன். இந்த ஒரு தூண்டிலால கடல் வத்திப்போகுமே?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்ல நமக்குத் தெரியவில்லை. பிறகு விசாரித்தும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஆழமில்லாத கடல்

இலுப்பைக்கடவைக்கு மேற்கே இருப்பது பாக்குக் குடா. பெருங்கடல்களோடு ஒப்பிட்டால் இது ஒரு பெரிய குளம் என்றே சொல்லலாம். பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீற்றருக்கும் குறைவு. வெயில் அடிவரை எட்டுவதால் அடியில் கடற்புல் வளர்கிறது. கரையோரத்தில் கண்ணாவும் கண்டலும் நிற்கின்றன. மழைக் காலத்தில் பறங்கியாறும் பாலியாறும் பெருநிலத்தின் வண்டலைக் கொண்டுவந்து இக்கடலில் சேர்க்கின்றன. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இந்த விளிம்பில்தான் மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் இரை மிகுதி. கண்டல் வேர்களுக்கிடையில் பெரிய மீன் நுழைய முடியாது. எனவே அங்கு குஞ்சுக்குப் பாதுகாப்பும் உண்டு.

கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இது நாற்றுமேடை. ஆழக்கடலில் வலை போடுகிறவர் வெட்டும் பயிர் இங்கேதான் நாற்றாக நிற்கிறது. வள்ளம் இல்லாதவர் நடந்து போகக்கூடிய இடம் எது? முழங்காலளவு தண்ணீர், ஓடை வாய், கண்டல் ஓரம். குஞ்சுகள் வளரும் இடமும் அதுவே. ஆகவே கையில் தூண்டில் மட்டும் உள்ள ஏழை, தான் அறியாமலே நாற்றுமேடையின் நடுவில் நிற்கிறார். பெரியவரின் வாளியில் கிடந்த ஏழு குஞ்சுகளின் கதை இதுதான்.

கொடுவா என்னும் மீன்

கொடுவாவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். சந்தையில் நல்ல விலை போகும் மீன். இதன் வாழ்க்கை விசித்திரமானது. மழைக் காலத்தை ஒட்டி ஆற்று முகத்துக்கு அருகே உப்பு நீரில் முட்டை இடுகிறது. குஞ்சுகள் பெருக்கோடு களப்புக்கும் சதுப்புக்கும் ஏறிவந்து அங்கே வளர்கின்றன. முதலில் பெரும்பாலானவை ஆணாகவே முதிர்கின்றன. சில ஆண்டுகள் ஆணாக இருந்த பின்னரே பெண்ணாக மாறுகின்றன. அவுஸ்திரேலியாவில் அளந்து பார்த்தவர்கள், இம்மாற்றம் பெரும்பாலும் 6 முதல் 8 வயதில், மீன் 85 முதல் 100 சென்ரிமீற்றர் நீளம் ஆகும்போது நடப்பதாகக் கண்டனர். அப்படியாயின் பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன்கள். ஒரு பெரிய தாய் கோடிக்கணக்கில் முட்டை இடும்.

சிறியதை எல்லாம் பிடித்தால் தாயாகும் வயதுக்கு எதுவும் போய்ச்சேராது. பெரியதை எல்லாம் பிடித்தால் முட்டை இட எதுவும் இராது. இதனால் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள்கூட 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவாவையும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் செய்துள்ளனர். கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பெப்ரவரி 1 வரை கொடுவா பிடிப்பதே தடை. நடுத்தர மீனை மட்டும் எடுப்பது அவர்கள் முறை. நம் களப்பில் உள்ளதும் அதே கொடுவாதான்.

கலவாய் இதற்கு நேர்மாறானது. அது பெண்ணாகத் தொடங்கிப் பின்னர் ஆணாக மாறும். அங்கே பெரியவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் ஆண் மீன் பற்றாக்குறை உண்டாகும். கெளிறு இன்னொரு விதம். அதன் ஆண், முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துக் காத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறது. ஒரு தடவைக்கு சில பத்து முட்டைகள் மட்டுமே. அந்த நாட்களில் அது இரை எடுக்காது. இரை எடுக்காத மீன் தூண்டிலில் அகப்படாது, வலையில் அகப்படும். ஆகவே கெளிற்றைப் பொறுத்தவரை வலையைவிடத் தூண்டில் நல்லது. தூண்டில்காரருக்குச் சாதகமான செய்தி ஒன்றாவது சொல்ல முடிந்ததில் நமக்கும் மகிழ்ச்சி.

ஒரு தூண்டிலும் பல தூண்டில்களும்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஒரு தூண்டிலால் கடல் வற்றாது. ஆனால் ஒரு தூண்டில் ஒன்றாகவே இருப்பதில்லை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசப்பீக் என்ற பெரிய குடா உண்டு. நம் களப்புகளைப் போல அதுவும் ஆறுகள் வந்து கலக்கும் ஆழமற்ற நீர்நிலை. அங்கே ஸ்ட்ரைப்ட் பாஸ் என்னும் மீன் முட்டையிட்டு வளர்கிறது. 1970 களிலும் 1980 களின் தொடக்கத்திலும் அது மிகவும் குறைந்துபோயிற்று. 1985 இல் மேரிலாந்து மாநிலம் அதைப் பிடிப்பதை முற்றாகத் தடை செய்தது. வலைக்காரருக்கும் தடை, தூண்டில்காரருக்கும் தடை. ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்து 1990 இல் கட்டுப்பாடுகளோடு திறந்தனர். 1995 இல் மீன் மீண்டுவிட்டது என்று அறிவித்தனர்.

கதை அதோடு முடியவில்லை. மீன் பெருகியதும் தூண்டில்காரர் பெருகினர். இன்று அங்கே அந்த மீனைப் பிடிப்பவர்களில் மிகப் பெரும் பங்கினர் வலைக்காரர் அல்லர், ஓய்வு நாளில் தூண்டில் போடுகிறவர்களே. ஒவ்வொருவரும் ஒன்றிரண்டுதான் பிடித்தனர். 2019 இல் அம்மீன் மறுபடியும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட நிலைக்கு வந்துவிட்டதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. பிடித்துத் திருப்பி விடுகிற மீனிலும் நூற்றுக்கு ஒன்பது இறந்துவிடும் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டோம் என்ற ஆறுதல் முழு ஆறுதல் அல்ல.

அங்கே அது விளையாட்டு, இங்கே அது கறிச்சட்டி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாம் விரும்பவில்லை. வயிற்றுக்காகப் பிடிப்பவரிடம் ஐந்து ஆண்டு பொறுக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் மீனுக்கு வித்தியாசம் தெரியாது. மாலையில் ஒரு ஓடை வாயில் முப்பது பேர் நின்று ஆளுக்கு ஏழு குஞ்சு எடுத்தால் அது 210 குஞ்சு. ஒரு மாதம் அப்படிச் செய்தால் ஆறாயிரத்துக்கு மேல். அந்த ஏழும் ஒரு வீட்டுக்கு ஒரு நேரக் கறிக்கும் போதாது. அவற்றில் ஒன்று வளர்ந்து ஒரு முழ நீளமானால் வீடு முழுவதும் சாப்பிடலாம். பாலேறாத கதிரை யாராவது அறுப்பார்களா?

கரையில் நிற்கும்போது

முதலில் தூண்டில். தூண்டிலுக்கு இலக்கம் உண்டு. சாதாரண இலக்கங்களில், இலக்கம் கூடக்கூடத் தூண்டில் சிறுக்கும். இது தெரியாமல் “பெரிய நம்பர் தாங்கோ” என்று கேட்டு, குஞ்சு பிடிக்கும் சிறு தூண்டிலை வாங்கி வந்தவர்களைக் கண்டிருக்கிறோம். வாய் கொள்ளாத தூண்டிலில் குஞ்சு அகப்படாது. எனவே கண்ணால் பார்த்துப் பெரியதாக வாங்குங்கள். நுனி உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. அது பெரும்பாலும் மீனின் கடைவாயில் கொளுவும், தொண்டைக்குள் போவது குறைவு. தூண்டில் நுனியில் பின்னோக்கி இருக்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் குஞ்சைக் காயமின்றிக் கழற்றலாம். நூல் தளராமல் இழுத்தால் பெரிய மீனும் தப்பாது.

குஞ்சு அகப்பட்டால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். மீனின் மேல் உள்ள வழுவழுப்பு அதற்குத் தோல் மருந்து. காய்ந்த கையும் சுடுமணலும் அதை உரித்துவிடும். தூண்டிலை விழுங்கியிருந்தால் இழுக்க வேண்டாம். வாயருகே நூலை அறுத்து அப்படியே விடுங்கள். இழுத்தால் குடலோடு வரும். அறுத்தெடுத்த தங்கூசியைக் கரையில் வீச வேண்டாம். அது உக்குவதற்கு மிக நீண்ட காலம் எடுக்கும். அதுவரை பூநாரையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றும். வீட்டுக்குக் கொண்டுபோய் மூடியுள்ள போத்தலில் சேர்த்து வையுங்கள்.

கடலுக்குப் புதியவர்களுக்கு இரு எச்சரிக்கைகள். பேத்தை மீனை எக்காரணம் கொண்டும் சமைக்க வேண்டாம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அடுத்தது குத்து. ஓரா, கெளிறு, திருக்கை ஆகியவற்றின் முள் குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் குத்திய இடத்தை ஒரு மணி நேரம்வரை வைத்திருக்க வேண்டும். சூடு வலியைத் தணிக்கும். குத்திய கை மரத்திருப்பதால் சூடு தெரியாது. எனவே மற்றவர் கையால் பார்த்த நீராக இருக்கட்டும். பிறகு வைத்தியசாலைக்குப் போய் ஏற்பூசி பற்றிக் கேளுங்கள்.

தூண்டிலைவிட நம்மைக் கவலைப்பட வைப்பது நுளம்பு வலை. அதைக் கட்டி ஓடையில் இழுத்தால் தப்புவது எதுவும் இல்லை. கூனி இறாலுக்காக இழுத்தோம் என்பார்கள். இறாலோடு கொடுவாவும் மடவையும் நண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு கைப்பிடியாக வந்து கரையில் காய்ந்துவிடும். இதை நம் குடும்பங்கள் நிறுத்த வேண்டும். இதற்குச் சமாதானம் எதையும் நாம் ஏற்கவில்லை.

பெரிய சேதம் யாரால்?

“றோலர்காரன் அடியோடு வாரிக்கொண்டு போறான், எங்கட தூண்டிலோ கண்ணில படுது?” என்றும் கேட்கிறார்கள். உண்மை. தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள் பாக்குக் குடாவின் அடியை உழுவதுபோல் உழுது கடற்புல்லைப் பிய்த்தெடுக்கின்றன. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் எல்லை வகுக்கப்பட்ட பின்னும் அவை வருகின்றன. இலங்கையில் 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் இழுவைமடித் தொழில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. டைனமைற் வெடியும் ஒற்றை இழைத் தங்கூசி வலையும் தடைசெய்யப்பட்டவை. நம் கையில் உள்ள ஒரு இழைத் தூண்டில் நூல் அந்தத் தடைக்குள் வராது, வலையாகப் பின்னியதே வரும்.

இழுவைப் படகை நிறுத்துவது அரசுகளின் கடமை. நாம் மனுக் கொடுக்கலாம், ஊர்வலம் போகலாம், போயும் இருக்கிறோம். ஓடை வாயில் என்ன நடக்கிறது என்பது மட்டும் முழுவதும் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. அது வயலின் கழிவு நீர். பூச்சி மருந்து அடித்த மறுநாளே வரம்பை வெட்டி நீரை வடிய விட்டால் அது வாய்க்கால் வழியே களப்புக்குப் போகிறது. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு உறவு. பூச்சியைக் கொல்லும் மருந்தில் மிகச் சிறிதளவும் இறால் குஞ்சைக் கொல்லும். போத்தலின் ஒட்டுத்தாளில் சொல்லியுள்ள நாட்கள்வரை நீரை வயலிலேயே கட்டி வையுங்கள். விசிறும் தாங்கியை வாய்க்காலில் கழுவாதீர்கள். தூண்டில் தொடாத கமக்காரரும் இந்த வழியில் மீனைக் கொல்கிறார் என்பதைக் கடற்றொழிலாளர் நமக்குச் சுட்டிக் காட்டியபோது, பதில் சொல்ல வாய் வரவில்லை.

கண்டலை விறகுக்கும் வேலிக்கும் வெட்டுவதும் இதில் சேரும். தெற்கே விடத்தல்தீவில் 29,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட கடலும் கரையும் 2016 இல் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டன. 2024 மே மாதத்தில் அதில் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்கும் அறிவித்தல் வந்தது. சுற்றாடல் அமைப்புகள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றன. ஏழை ஒரு கட்டு விறகு வெட்டினால் பிடிக்கும் சட்டம், பெரிய திட்டத்துக்கு வழி விடுகிறதே என்று நம் மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கண்டல் போனால் முதலில் மீன் இல்லாமல் போவது நம் சட்டிக்குத்தான்.

சட்டத்தில் வேறு சிலவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆவுளியாவும் கடலாமையும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் இறைச்சியை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கினாலும் குற்றம். முட்டை சுமக்கும் சிங்கி இறாலை எடுக்கக் கூடாது. 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த சங்கை எடுப்பதும் கூடாது.

கரையில் இடம்

மீனைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இடத்தைப் பற்றிய பேச்சில் வந்து நிற்கிறது. “இது எங்கட கரை” என்று ஒருவர் சொல்கிறார். “கடல் எல்லாருக்கும் பொது” என்று மற்றவர் சொல்கிறார். மன்னார்க் கரையில் இடம்பெயராதவர் குறைவு. 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் போர் முடிந்த பின் திரும்பி வந்து கரையில் இடம் தேடின. பழைய தொழிலாளர், திரும்பி வந்தவர், புதிதாக வந்தவர் என்று எல்லாரும் ஒரே ஓடை வாயில் நிற்கிறோம்.

நீர்கொழும்புக் களப்பில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இரவில் வற்றோடு கடலுக்குப் போகும் இறாலைப் பிடிக்கக் களப்பு வாயில் கட்டு வலை போடுவார்கள். நல்ல இடங்கள் சிலவே. ஆகவே நான்கு கடற்றொழிலாளர் சங்கங்கள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி இடங்களைப் பங்கிடுகின்றன. 1958 இல் அரசு அதை ஒழுங்குவிதியாகவும் ஏற்றது. சண்டை குறைந்தது, வலையின் எண்ணிக்கையும் கட்டுக்குள் நின்றது. ஆனால் அச்சங்கங்களில் புதியவர் எளிதில் சேர முடியாது. மீனைக் காக்கும் விதி, பிந்தி வந்த ஏழையை வெளியே நிறுத்தவும் கூடும். இதை மறைத்துவிட்டு அந்த ஏற்பாட்டைப் புகழ நமக்கு மனமில்லை.

எனினும் கமக்காரருக்கு முறை புதிதல்ல. போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, எந்த நாளில் மதகு திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது, கடைமடைக்கு எப்போது நீர் விடுவது என்றெல்லாம் தீர்மானிக்கிறோம். குளத்தில் நீர் குறைந்தால் எல்லாரும் குறைத்து விதைக்கிறோம். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமும் இதுபோன்ற ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு பகுதியைக் கடற்றொழில் முகாமைத்துவப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கு தொழில் செய்கிறவர்கள் குழுவாக அமையலாம். மூடு காலங்களையும் விதிக்கலாம். அதுவரை காத்திராமல், ஊரிலேயே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். கடற்றொழில் பரிசோதகரையும் கிராம அலுவலரையும் அழையுங்கள். எந்த ஓடை வாயைக் குஞ்சுக் காலத்தில் விட்டுவைப்பது, கறிக்குத் தூண்டில் போடுகிறவருக்கு எந்த இடம், எந்த அளவுக்குக் குறைந்த கொடுவாவை எல்லாரும் திருப்பி விடுவது, பிடித்ததை விற்பவர் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டுமா, நுளம்பு வலையை யார் நிறுத்துவது: இவை கேட்க வேண்டியவை. சங்கத்தில் சேராத விதவைப் பெண்களும் கரையில் நண்டும் மட்டியும் பொறுக்குகிறார்கள். அவர்களையும் கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள், பேச விடுங்கள்.

அந்தப் பெரியவரைச் சில மாதங்களின் பின் மறுபடி கண்டோம். ஓடை வாயை விட்டு வெளிக்கரைக்குப் போயிருந்தார். அந்த இடத்தைக் காட்டியவர் முன்பு அவரைத் தடுத்த கடற்றொழிலாளரில் ஒருவரே. பதிலுக்கு இவர் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் கொடுத்தாராம். வாளியில் நாலு கெளிறு கிடந்தன. “கொடுவாவின்ர ருசி இதுக்கு இல்லைத்தான்” என்றார். “மனிசி நல்லா உறைப்புப் போட்டுக் காய்ச்சுவா.”